வறண்ட நாட்களின் பிடிவாதம்

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

இந்த நோட்டைக் கொடுத்தது ஐயரம்மா. எங்கள் சபைக் குருவானவரை ஐயர் என்றும் அவர் மனைவி மெர்லினை ஐயரம்மா என்றும்தான் பாளையங்கோட்டையில் எல்லோரும் கூப்பிடுகிறோம். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இருக்கும் இருபத்தாறு பேருக்கும் ஆளுக்கொரு நோட்டு, நீல அட்டை போட்டது. லெந்து நாட்கள் முழுக்க, ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளும், கர்த்தர் தினமும் என்ன பேசினார் என்று இதில் எழுத வேண்டுமாம். ஈஸ்டர் முடிந்து நடக்கும் கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து வாசிக்க வேண்டுமாம்.

"சுகிர்தாக்கா நோட்டுதான் மொதல்ல தீரும், பாத்துக்கிடுங்க. உங்களுக்கு மட்டும் இன்னொண்ணு எடுத்து வச்சிருக்கேன்" என்றார்கள் ஐயரம்மா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இன்று கர்த்தர் என்னிடம் ஒன்றும் பேசவில்லை.

பிப்ரவரி 15

நேற்று எழுதியதைக் காலையில் படித்தேன். கிழித்துவிடலாமா என்று தோன்றியது. கிழிக்கவில்லை. கூட்டத்தில் வாசிக்க முடியாது, அவ்வளவுதானே. கர்த்தர் பேசினதாகப் பொய் எழுதுவதைவிட இது மேல்.

ஆறு மாதமாக இப்படித்தான். அலாரம் ஐந்து மணிக்கு அடிக்கிறது. எழுந்து முகம் கழுவி, அடுக்களை மேசையில் வேதத்தை விரித்து, சத்தமாக ஒரு சங்கீதம் வாசிக்கிறேன். பிறகு முழங்கால் போடுகிறேன். முன்பெல்லாம் முழங்கால் தரையில் படுவதற்குள் கண்ணீர் வந்துவிடும். இப்போது ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம்தான் கேட்கிறது. கால் மணி நேரம் அப்படியே இருந்துவிட்டு எழுந்து இட்லிக்கு அடுப்பு பற்ற வைக்கிறேன்.

ஆனால் ஐந்து மணியை ஐந்தரையாக மாற்றமாட்டேன். அந்தப் பக்கம் பேச்சு நின்றுபோனால், நானும் வராமல் இருந்துவிடுவேன் என்று யாராவது நினைத்திருந்தால், அது நடக்காது.

ஆஸ்பத்திரியில் இன்று முப்பத்தொரு எக்ஸ்-ரே. "மூச்ச நல்லா இழுங்க, பிடிங்க, விடுங்க." பத்தொன்பது வருடமாக இதைத்தான் சொல்கிறேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல நாலைந்து பேர் என்னைச் சுற்றி நின்றார்கள். ஒருத்திக்கு மகன் வேலை. ஒருத்திக்கு மூட்டுவலி. என் கையைப் பிடித்துத் தலையில் வைத்துக்கொள்ளப் பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டேன். "கைல அரிப்பு, சொறி மாதிரி இருக்கு. ஒட்டிரக் கூடாது" என்றேன். கையில் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வரும்போது பட்டறைத் தெரு வழியாக வராமல் தபாலாபீஸ் சுற்றி வந்தேன். பட்டறைத் தெருவில் நிழல் கிடையாது.

இவர் கேட்டார்: "தபாலாபீஸ் பக்கம் மட்டும் மரமா நட்டு வச்சிருக்கான்?" என் வீட்டுக்காரர் மின்வாரியத்தில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தெருவில் எத்தனை மரம், எத்தனை கம்பம் என்று தெரியும்.

பிப்ரவரி 19

வாஷிங் மெஷின் ரிப்பேர். மூன்று பக்கெட் துணி கையால் துவைத்தேன். வேறொன்றும் இல்லை.

பிப்ரவரி 23

ஐயர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். இருமலுக்கு வந்தாராம், அப்படியே என்னையும் பார்த்துவிட்டுப் போகலாம் என்று. பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் ஏழு பேர் பேச வேண்டும். நாலாவது வார்த்தை எனக்காம். 'என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற வார்த்தை.

"ஐயா, இந்த வருஷம் வேற யாருக்காவது குடுங்க."

"நாலாவது வார்த்தையப் பேசுததுக்கு ஜெப அனுபவம் வேணும்மா. ஆள் தேடிப் பாத்தேன், உங்கள விட்டா யாரும் இல்ல. பத்து நிமிஷம்தான்."

வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள். சரி என்று தலையாட்டிவிட்டேன். அவர் போன பிறகு ஒரு ஆளுக்கு வலது முழங்காலுக்குப் பதில் இடது முழங்காலைப் படம் எடுத்துவிட்டேன். பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. மன்னிப்புக் கேட்டு மறுபடி எடுத்தேன்.

பிப்ரவரி 25, ஞாயிறு

மைதானத்தில் எழுப்புதல் கூட்டம். வெளியூர்ப் பிரசங்கியார். நல்ல குரல். "உன் ஜெபம் வறண்டு போச்சா? உள்ள ஒரு பாவத்த ஒளிச்சு வச்சிருக்க! வறட்சி சும்மா வராது! வா முன்னால!" என்றார். கீபோர்டு மெல்ல வாசித்துக்கொண்டே இருந்தது. பாதிக் கூட்டம் எழுந்து முன்னால் போனது. ஐயரம்மாவும் போனார்கள். பாவம், அவர்களுக்கு என்ன வறட்சி, தெரியவில்லை.

நான் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான் அழுதால் போதும், மொத்தப் பெண்கள் வரிசையும் அழும். அப்படி எத்தனை கூட்டத்தில் அழுது காட்டியிருக்கிறேன். எல்லாம் பொய்க் கண்ணீர் இல்லை. ஆனால் அதைப் பார்க்க ஆள் இருக்கிறது என்பது எனக்கு எப்போதும் தெரிந்தே இருந்தது.

அவர் சொன்னதில் பாதி சரி. அதுதான் எனக்குக் கோபம். அந்தப் பாதியை ஒலிபெருக்கியும் கீபோர்டும் வைத்து என்னிடமிருந்து யாரும் கறக்க முடியாது.

பிப்ரவரி 28

ஐயரம்மா சொன்னபடி மூன்று நாள் உபவாசம் இருந்து பார்த்தேன். பசித்தது.

இவருக்கு லெந்தில் மீன் இல்லாததுதான் பெரிய சோதனை. "ஏசப்பா சீஷர்களுக்கு மீன் சுட்டுத்தானே குடுத்தாரு?" என்று தினமும் கேட்கிறார். இன்று மார்க்கெட்டில் நெத்திலியைப் பார்த்து நின்றுவிட்டாராம். "பாத்துட்டு மட்டும்தான் வந்தேன்" என்றார். அவருடைய வறட்சி எனக்குப் புரிகிறது. ஈஸ்டர் அன்று தீர்ந்துவிடும் என்று அவருக்குத் தேதி தெரியும்.

மார்ச் 2

இன்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். மூன்று வாரமாக இருமல். பலகையில் நெஞ்சைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். படம் திரையில் வந்ததும் இரண்டு தடவை பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, வெறும் சளி. நுரையீரல் இரண்டும் சுத்தமாக இருந்தன. ஆனால் நான் அந்தப் படத்தில் ஷீபாவின் படத்தைத்தான் பார்த்தேன்.

ஷீபாவைப் பற்றி எழுத இந்த நோட்டு இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். கர்த்தர் பேசியதை எழுதத்தான் நோட்டு என்றால், பேசாததைப் பேசியதாக நான் சொன்னதையும் இதில்தான் எழுத வேண்டும்.

ஷீபா எங்கள் சபைப் பெண். பட்டறைத் தெருவில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் கிங்ஸ்லியின் மனைவி. முப்பத்தொரு வயது. போன வருடம் மே மாதம் இருமலுக்கு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். படம் எடுத்தது நான். வலது நுரையீரலில் எலுமிச்சை அளவுக்கு நிழல், பக்கத்தில் இன்னும் இரண்டு. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தேன். இத்தனை வருடத்தில் அந்த நிழல் என்னவென்று எனக்குத் தெரியும். டாக்டர் சதை எடுத்துச் சோதித்துவிட்டு, உடனே திருவனந்தபுரம் கேன்சர் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவளை முன்னால் அழைத்து எல்லோரும் ஜெபித்தோம். மைக் என் கையில் இருந்தது. ஜெபம் சூடு பிடித்தது. பின்னால் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். என் உடம்பெல்லாம் சிலிர்த்தது. "இவ சாகமாட்டா! பிழைப்பா! கர்த்தர் இப்போ எங்கிட்ட சொல்லுதாரு!" என்று சொன்னேன். கோயில் முழுக்க ஆமென் என்றது.

சாயங்காலம் ஷீபா வீட்டுக்கு வந்தாள். "அப்ப திருவனந்தபுரம் போவாண்டாமாக்கா? பிரிஸ்கா கல்யாணத்துக்கு வேற சேத்து வைக்கணும்" என்று கேட்டாள். பிரிஸ்கா அவள் தங்கை. கல்யாணம் செப்டம்பரில் என்று முடிவாகியிருந்தது.

நான் என்ன சொன்னேன்? "அத ஒன் விசுவாசம்தான் முடிவு பண்ணணும்" என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர்கள் போகவில்லை. ஒன்பது வாரம் கழித்து, மூச்சுவிட முடியாமல் ஆனபோதுதான் போனார்கள். ஆகஸ்ட் பதினொன்றாம் தேதி இறந்துபோனாள்.

கர்த்தர் சொன்னதாகச் சொன்னது பொய்யென்று எனக்கு அப்போதே தெரியுமா? படத்தைப் பார்த்த கண்ணுக்குத் தெரியும். மைக் பிடித்த கைக்குத் தெரியவில்லை.

அடக்கத்துக்குப் போனேன். எல்லோரும் "கர்த்தருடைய சித்தம்" என்றார்கள். நானும் சொன்னேன். அன்று இரவு முழங்கால் போட்டபோதுதான் முதல்முறையாக உள்ளே ஒன்றுமே இல்லை.

மார்ச் 7

டாக்டர் அருணாசலத்திடம் கேட்டுவிட்டேன். மத்தியானம் அவர் டீ குடிக்கும்போது.

"சார், போன வருஷம் ஷீபான்னு ஒரு பொண்ணு. மே மாசமே திருவனந்தபுரம் போயிருந்தா பிழைச்சிருப்பாளா?"

அவருக்கு ஞாபகம் இருந்தது. "பிழைச்சிருக்க மாட்டாங்க, மேடம். ரொம்ப பரவியிருந்திச்சு."

எனக்கு ஒரு நிமிடம் உடம்பு லேசானது. அதற்காகத்தான் கேட்டிருக்கிறேன் போலிருக்கிறது. ஆனால் அவர் பேச்சை முடிக்கவில்லை.

"ஆனா மூணு மாசம், நாலு மாசம் கூடக் கெடச்சிருக்கும். அந்த மூச்சுத் திணறல் இல்லாம நிம்மதியாப் போயிருப்பாங்க. ஏன் லேட் பண்ணாங்கன்னுதான் எனக்குப் புரியல."

மூன்று மாதம். பிரிஸ்காவின் கல்யாணம் ஷீபா இறந்து நாலு வாரத்தில் நடந்தது.

மார்ச் 8

சங்கீதம் வாசித்தேன். முழங்கால் போட்டேன். "பேசாமலே இரும்" என்றேன். ஜெபம் அவ்வளவுதான்.

மார்ச் 11

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது இவர் சொன்னார்: "சுகிர்தா, நீ பட்டறைத் தெருவுல நடந்து ஏழு மாசம் ஆச்சு."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"அன்னைக்கு ஷீபா வந்து கேட்டப்போ நான் உள்ரூம்லதான் இருந்தேன். நீ என்ன சொன்னன்னு கேட்டுச்சு. போகச் சொல்லுன்னு நான் எந்திரிச்சு வந்து சொல்லியிருக்கணும். சொல்லல. ஒனக்கு ஆண்டவர் பேசுதாருன்னு ஊரே சொல்லுது, நான் கரண்டு ஆபீஸ்காரன், நடுவுல என்னத்தப் பேசன்னு இருந்துட்டேன்."

ஏழு மாதம் இதை நான் மட்டும் சுமப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில், ஒரே கட்டிலில், இவரும் சுமந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது, யார்மேல் என்று தெரியவில்லை.

"நாளைக்கு வாறியளா, என்கூட?" என்று கேட்டேன்.

"நீ தனியாப் போகணும்" என்றார். அதுவும் சரிதான்.

மார்ச் 14

நாளைக்கு என்றது மூன்று நாள் ஆகிவிட்டது. இன்று போனேன். ஆஸ்பத்திரி முடிந்து நேராக. பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை, வைத்தால் போகமாட்டேன் என்று தெரியும்.

கிங்ஸ்லி ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றினான். இளைத்துப்போயிருக்கிறான். உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை.

"கிங்ஸ்லி, ஷீபா பிழைப்பான்னு கர்த்தர் எங்கிட்ட சொல்லல. நானாத்தான் சொன்னேன். அவ படத்த நான் பாத்திருந்தேன். திருவனந்தபுரம் போகவான்னு வந்து கேட்டா. போன்னு சொல்லியிருக்கணும். சொல்லல. போயிருந்தா மூணு மாசம் கூட இருந்திருப்பான்னு டாக்டர் சொல்லுதாரு."

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு வார்த்தைகளில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

அவன் வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தான். பிறகு கேட்டான்: "கடைசி வாரம் அவ என்ன கேட்டுக்கிட்டே கெடந்தா, தெரியுமாக்கா? எனக்கு விசுவாசம் பத்தலியோன்னு. தன்மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டே செத்தா."

அங்கே கிடந்த ஒரு இரும்புச் சட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்னைய மன்னிச்சிரு கிங்ஸ்லி."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. எங்கிட்ட வந்து பட்டறைல வச்சு சொல்லிட்டுப் போறீங்க. நல்லது. அன்னைக்கு எங்க வச்சு சொன்னீங்க? கோயில்ல, மைக்குல. ஊரே ஆமென் சொல்லிச்சுல்லா. இன்னைக்கும் அவ விசுவாசம் இல்லாமச் செத்தான்னுதான் அந்த ஊரு பேசுது. மைக்குல சொன்னத மைக்குலயே வந்து சொல்லுங்க. அதுக்கப்புறம் பாப்போம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டான். அந்த நெருப்பைப் பார்க்க முடியாமல் திரும்பி நடந்தேன். பட்டறைத் தெரு வழியாகவே நடந்தேன்.

மார்ச் 15

பெரிய வெள்ளிக்கு இன்னும் பதினாலு நாள். நாலாவது வார்த்தை. பத்து நிமிடம். மைக் அங்கேதான் இருக்கிறது.

மார்ச் 17, ஞாயிறு

ஐயரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். பேசப்போவது இதைத்தான் என்றும் சொன்னேன். சபைச் செயலாளர் வேதநாயகமும் அங்கே இருந்தார். ஐயர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

வேதநாயகம்தான் பேசினார். "பெரிய வெள்ளிக்கு மத்த சபைக்காரங்கல்லாம் வருவாங்கம்மா. நம்ம சபை சாட்சி என்னத்துக்கு ஆகும்? இதக் கேட்டா நாளைக்கு எவன் ஜெபத்துக்கு வருவான்? நீங்க தனியா கிங்ஸ்லிகிட்ட சொல்லியாச்சு, முடிஞ்சுது."

"பொய்ய அத்தனை பேரு முன்னால சொன்னேன். நிஜத்த மட்டும் தனியாச் சொல்லவா?"

"அது பொய்னு எதுக்குச் சொல்லுதீங்க? விசுவாச வார்த்தைன்னு சொல்லுங்க."

"நீங்க வேற என்ன பேரு வேணும்னாலும் வச்சுக்கிடுங்க. அதக் கேட்டு ஒரு பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகல."

ஐயர் கடைசியில் மெதுவாகக் கேட்டார்: "சுகிர்தாம்மா, இதச் சொன்னா உங்களுக்குப் பழைய சமாதானம் திரும்பி வந்துரும்னு நெனைக்கிறீங்களா?"

"இல்ல ஐயா. வராதுன்னுதான் தோணுது. வராட்டாலும் சொல்லுவேன்."

அவர் வேதநாயகத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "பத்து நிமிஷத்துக்கு மேல போகாதீங்க" என்றார்.

மார்ச் 20

பேச்சை எழுதி எழுதிக் கிழிக்கிறேன். அழகாக வந்தால் கிழித்துவிடுகிறேன். என்னுடைய அழகான பேச்சு எங்கே கொண்டுபோய் விட்டது என்று பார்த்தாயிற்று.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

பவனியில் வெயில். பிள்ளைகள் குருத்தோலையால் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு வந்தார்கள். விஷயம் கசிந்துவிட்டது போலிருக்கிறது. முடிந்ததும் என்னைச் சுற்றி ஒருவரும் நிற்கவில்லை. மூட்டுவலிக்காரி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏழு மாதத்துக்குப் பிறகு முதல்தடவையாகப் பொய் சொல்லாமல் கோயிலிலிருந்து வீட்டுக்கு வந்தேன்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

பன்னிரண்டு மணிக்கு ஆரம்பித்தது. கோயில் நிறைந்து வெளியே பந்தலிலும் ஆட்கள். எல்லோரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். மின்விசிறிகள் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி வீசின. மூன்றாவது வார்த்தை முடிந்து பாட்டு பாடினார்கள். ஒன்றரை மணிக்கு ஐயர் என் பெயரைச் சொன்னார்.

கையில் தாள் இருந்தது. ஆனால் பார்க்கவில்லை.

"போன வருஷம் மே மாசம் இதே இடத்துல நின்னு, இதே மைக்க பிடிச்சு, ஷீபா பிழைப்பா, கர்த்தர் எங்கிட்ட சொன்னாருன்னு நான் சொன்னேன். கர்த்தர் சொல்லல. நான்தான் சொன்னேன். அவ எக்ஸ்-ரேய நான் மொதல்லயே பாத்திருந்தேன். அவ வீட்டுக்கு வந்து, ஆஸ்பத்திரிக்குப் போகவான்னு கேட்டா. நான் போகச் சொல்லல. ஷீபாவுக்கு விசுவாசம் பத்தாம அவ சாகல. அவளுக்கு இருந்த விசுவாசம் இந்தக் கோயில்ல ஒருத்தருக்கும் இல்ல. அத நான் வீணாக்கினேன். இனிமே யாரும் அவளப் பத்தி அப்படிப் பேசக் கூடாது. பேசணும்னா என்னையப் பேசுங்க."

முன்வரிசையில் வேதநாயகம் எழுந்து பக்கவாசல் வழியாக வெளியே போனார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"நாலாவது வார்த்தையப் பேசச் சொல்லி எனக்குக் குடுத்திருக்காங்க. சிலுவைல தொங்கிக்கிட்டு ஆண்டவர் கேட்டாரு, என்னைய ஏன் விட்டுட்டீருன்னு. பதில் வந்துச்சா? வரல. வந்த மாதிரி அவர் நடிக்கல. கீழ நின்ன ஜனங்கள சந்தோஷப்படுத்தப் பதில் வந்துட்டுன்னு சொல்லல. வரலங்கறத சத்தமாச் சொன்னாரு. சிலுவைல இருந்து எறங்கிப் போகவும் இல்ல. எனக்கு ஏழு மாசமா ஒண்ணும் கேக்கல. இப்பவும் கேக்கல. இங்க நின்னு பேசும்போதுகூட என் உள்ள ஒண்ணும் இல்ல. உங்கள்ல யாருக்காவது அப்படி இருந்தா, பொய்யா அழாதீங்க. ஓடியும் போகாதீங்க. நான் போகப் போறதில்ல."

பத்து நிமிடம் ஆகவில்லை. நாலு நிமிடம்தான் இருக்கும். ஆமென் சொல்ல மறந்துவிட்டேன். யாரும் சொல்லவுமில்லை. என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். ஐயரம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கையை என் முழங்கால்மேல் வைத்தார்கள்.

கிங்ஸ்லி வரவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். வரவில்லை.

மார்ச் 30

காலையிலிருந்து போன் அடிக்கிறது. ஒருத்தி, "நீங்க இப்படிப் பண்ணியிருக்கக் கூடாது, என் விசுவாசமே ஆடிப்போச்சு" என்று அழுதாள். ஆடட்டும், என்னைப் பிடித்துக்கொண்டு நின்றது ஆடத்தான் வேண்டும் என்று சொன்னேன். வைத்துவிட்டாள். வேதநாயகத்தின் மனைவி, பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர் பொறுப்பிலிருந்து நான் விலகிவிடுவது நல்லது என்று செய்தி அனுப்பியிருந்தாள். பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தமாட்டேன், கடைசி நாற்காலியில் உட்காருவேன் என்று பதில் அனுப்பினேன்.

பிரிஸ்கா போன் பண்ணினாள், ஷீபாவின் தங்கை. "கிங்ஸ்லி அத்தான் சொன்னாங்க" என்றாள். பிறகு அழுதாள். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு வைத்தோம்.

மார்ச் 31, ஈஸ்டர்

விடியற்காலை ஆராதனை. எல்லோரும் கைகுலுக்கினார்கள். என்னிடம் சிலர் கைகுலுக்கவில்லை. ஆண்டவர் உயிர்த்தெழுந்தார் என்று ஐயர் சொன்னபோது எனக்குள் மேளம் ஒன்றும் அடிக்கவில்லை. ஆனால் பாட்டுகளை எல்லாம் முழுச் சத்தத்தோடு பாடினேன். அது உண்மையென்றால் எனக்குச் சிலிர்த்தாலும் சிலிர்க்காவிட்டாலும் உண்மைதானே.

இவர் வஞ்சிரம் வாங்கி வந்தார். மூன்று துண்டு சாப்பிட்டார்.

ஏப்ரல் 3

சாயங்காலம் கிங்ஸ்லி வந்தான். வாசலிலேயே நின்றான். உள்ளே வரச் சொன்னதற்கு, "கரியா இருக்கேன்" என்றான். இவர் நாற்காலியை வாசலில் கொண்டுவந்து போட்டார்.

"வெள்ளிக்கிழமை வந்திருந்தேன். பந்தல்ல, ஸ்பீக்கருக்குக் கீழ நின்னேன். உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியாது."

"கோவம் இன்னும் போகலக்கா. அது போகாதுன்னு நெனைக்கேன்."

"போகாட்டாப் போகட்டும்."

காபி குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்: "ஒண்ணும் கேக்கலன்னு சொன்னீங்களே. பொறவு எப்படி இன்னும் போறீங்க? அவ செத்த பொறவு எனக்குக் கோயில் வாசல மிதிக்கவே பிடிக்கல. யாருகிட்டப் போயி நிக்க?"

அவனுக்கு நல்லதாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. பழைய வாய். அதை அடக்கினேன்.

"நானும் கோவத்தோடதாம்ப்பா போறேன். அவர் பேசாததுக்கு நான் ஏன் எழுந்து போகணும்? என்னையப் பெத்த தகப்பன் வீடு அது. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்காருன்னா, நானும் அங்கயே உக்காந்திருக்கேன். யாரு மொதல்ல எந்திரிக்கான்னு பாப்போம்."

கிங்ஸ்லி சிரிக்கவில்லை. ஆனால் கீழே வைத்த டம்ளரை எடுத்து என் கையில் கொடுத்தான். போகும்போது, "பிரிஸ்கா மாசமா இருக்கா, மூணு மாசம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஏப்ரல் 7, ஞாயிறு

ஆராதனை தொடங்கி முதல் பாட்டு பாடிக்கொண்டிருந்தோம். இப்போதெல்லாம் நான் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காருகிறேன். யாரோ வரும் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். கிங்ஸ்லி. ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில், நடைபாதையை ஒட்டி வந்து உட்கார்ந்தான். எங்கள் இருவருக்கும் நடுவில் அந்த நடைபாதை மட்டும்தான். இஸ்திரி போட்ட சட்டை. கைகளைக் கட்டியிருந்தான். பாட்டுப் புத்தகத்தை எடுக்கவில்லை. ஜெபத்துக்குத் தலை குனியவில்லை, நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான்.

'விசுவாசிக்கிறேன்' என்று தொடங்கும் விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லச் சபை எழுந்து நின்றது. அவனும் எழுந்தான். ஆனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டான். தாடை அசையாமல் அவன் நிற்பதை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை.

எனக்குள்ளும் ஒன்றும் அசையவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, முன்வரிசை திரும்பிப் பார்க்கும்படி, அவனுக்கும் சேர்த்துச் சத்தமாகச் சொன்னேன்.